சுருங்க மறுத்த கல்யாணக் கம்பளி

ஜீலாங் நகரத்தில், பார்வன் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் கம்பளி ஆலையில், மெர்ல் ஹாஸ்கிங்கிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மேஸ்திரி ஒருவர்கூடக் கிடையாது. பதினாலு வயதில் வேலைக்கு வந்தவள். முப்பது முடிவதற்குள் சோதனை அறை அவள் கைக்கு வந்துவிட்டது. அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கல்தொட்டி, ஒரு நீள மேசை, பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று, ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று. இந்த நாலையும் வைத்துக்கொண்டு அவள் ஆலை முழுவதையும் ஆட்டிப்படைத்தாள்.

ஒவ்வொரு துணிக்கட்டிலிருந்தும் ஒரு சதுரம் வெட்டி அவள் மேசைக்கு வரும். அதில் சிவப்பு நூலால் இரண்டு பக்கமும் அடையாளம் தைப்பாள். அளந்து எழுதுவாள். வெந்நீரில் முக்கி, பிழியாமல் எடுத்து, இழுக்காமல் விரித்துக் காயவிடுவாள். மறுபடி அளப்பாள். இப்படி மூன்று தடவை. சிவப்பு அடையாளங்கள் அளவுக்கு மேல் நெருங்கி வந்திருந்தால் அந்தக் கட்டு வாசல் தாண்டாது. மானேஜர் வந்து நின்றாலும் தாண்டாது.

மானேஜர்கள் வரத்தான் வந்தார்கள். காயப்போடும் சட்டத்தில் துணியின் கரைகளை ஊசியில் மாட்டி இழுக்கும்போது கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் ஒரு கட்டுக்கு இரண்டு கஜம் அதிகம் கிடைக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தையல்காரர் ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்க்கிற அன்றைக்குத்தான் துணி பழைய நிலைக்குத் திரும்பும், வாங்கினவன் வயிறு எரியும்.

"ஒரு அங்குலம்தானே மெர்ல், பெரிய மனசு பண்ணு," என்பார் மானேஜர்.

"அந்த ஒரு அங்குலம் உங்க பேன்ட்டுல, இடுப்புக்குக் கீழ போகட்டும். அப்புறம் வாங்க, மனசு பண்ணலாம்," என்பாள் மெர்ல்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. "இழுத்துக் கட்டினா யார்தான் நீளமா தெரியமாட்டாங்க? தண்ணியில போட்டு எடு. மிஞ்சறது என்னமோ அதுதான் நிஜம்." இதைத் துணிக்கு மட்டும் சொல்லியிருந்தால் அவள் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். அவள் மனிதர்களுக்கும் சேர்த்தே சொன்னாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த க்ளைவ் என்பவனுக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. ஆறடி ஆள், பட்டறை அதிரச் சிரிப்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் உலகச் சண்டைக்குப் போனான். நாலு வருஷம் கழித்து ஜீலாங் ஸ்டேஷனில் வந்து இறங்கியவன் பாதி ஆளாக இருந்தான். மூன்றே மாதத்தில் மோதிரத்தை மெர்லிடமே விட்டுவிட்டு வடக்கே குவீன்ஸ்லாந்து பக்கம் போய்விட்டான். அவன் அவளைக் கைவிட்டான், பாவம் மெர்ல் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மெர்ல் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் மூன்று தடவை துவைக்காமல் எதையும் நம்புவதில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் நினைவு வருகிறது. ஈரக் கம்பளியும் மஞ்சள் சோப்பும் ஆற்றுச் சேறும் கலந்த வாசனை. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது, சினிமாக் கொட்டகையில் பக்கத்து இருக்கைக்காரன் "ஆலையா?" என்று கேட்பான். காலையில் சங்கு ஊதும்போது பாலத்தின் மேல் சைக்கிள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் யாராவது ஒருத்தி ஓடிப்போய்ப் பன்னிரண்டு பேருக்கு வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் செய்தித்தாளில் சுற்றி வாங்கி வருவாள். வினிகர் ஒழுகி அன்றைய கால்பந்துச் செய்தியெல்லாம் அவள் கையில் அச்சாகியிருக்கும். என்ன சத்தம், என்ன சிரிப்பு! அவ்வளவு சிரிக்க எங்களுக்கு என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவளுக்கு ஆலையிலேயே ஒரு கம்பளி நெய்துவிடுவோம். ஏதாவது ஒரு தறியில் பாவு முடிகிற நேரம் பார்த்து, ஒவ்வொரு பகுதியிலும் மிஞ்சின நூலைச் சேர்த்து, மானேஜர் கண்டும் காணாமலும் இருக்கிற நேரத்தில் வேலை நடக்கும். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரை மணப்பெண் அதைப் பார்க்கக் கூடாது. அன்றைக்கு அதை மேசையில் விரித்து, தறியில் இருந்ததைவிட எத்தனை அங்குலம் உள்ளே வந்திருக்கிறது என்று அளந்து உரக்கச் சொல்வார்கள். கம்பளி எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு ஜோடியும் இறுகும் என்பது நெசவுக்காரிகள் நம்பிக்கை.

தறியிலிருந்து இறங்குகிற கம்பளி நாம் போர்த்துகிற கம்பளி இல்லை. வெளிச்சம் ஊடுருவும், கட்டிலைவிட ரொம்பப் பெரிதாக இருக்கும். அதைச் சோப்பு வெந்நீரோடு உருளைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் ஓடவிட்டால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நீளத்திலும் அகலத்திலும் உள்ளே உள்ளே வந்து, மெத்தென்று தடிக்கும். எப்போது நிறுத்துவது என்பதுதான் வித்தை. கால் மணி முந்தினால் சல்லடை, கால் மணி பிந்தினால் பலகை. இந்த இறுக்கும் வேலைக்கு மில்லிங் என்று பெயர். எங்கள் ஆலையில் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவன் ஆர்விட்ஸ் ஓஸோல்ஸ்.

ஆர்விட்ஸ் லாட்வியாக்காரன். சண்டையில் ஊர் போய், அகதி முகாமில் நாலு வருஷம் இருந்து, நாற்பத்தொன்பதில் கப்பலில் வந்தவன். அங்கே பள்ளிக்கூட வாத்தியார். இங்கே அந்தப் படிப்பு செல்லாது என்று சொல்லி ஆலைக்கு அனுப்பினார்கள். முதல் வருஷம் அவனை எல்லோரும் சீண்டினார்கள். அவன் கம்பளியைத் தொட்டே அளவு சொல்ல ஆரம்பித்த பிறகு சீண்டுவதை நிறுத்தினார்கள். நீட்டி நெளித்துப் பேசமாட்டான். பெண்களை மிஸ், மிஸஸ் போட்டுத்தான் கூப்பிடுவான். சோதனைத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் மெர்லின் மேசைப் பக்கம் நிற்கத் தொடங்கியது ஐம்பத்துநாலில்.

"மிஸ் ஹாஸ்கிங், இது நாலு சதவீதம் வரும்."

"நான் அளந்து சொல்றேன்."

"அளந்தாலும் நாலுதான்."

நாலுதான் வந்தது. மெர்லுக்கு எரிச்சல் வந்தது. எங்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது.

முதல் தடவை அவன் கேட்டபோது மாட்டேன் என்றாள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி கேட்டான், பார்க்கலாம் என்றாள். மூன்றாவது தடவை, ஆறு வருஷம் ஆன பிறகு, ஆற்றங்கரையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது கேட்டான், சரி என்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு, அவனுக்கு நாற்பத்தொன்பது. அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக அவளை மெர்ல் என்று கூப்பிட்டான்.

"எப்படிடி ஒத்துக்கிட்டே?" என்று கேட்டாள் டல்ஸி பிரிட்ஜர். டல்ஸி ஏழாம் தறிக்காரி, மெர்லின் உயிர்த்தோழி, ரகசியம் தங்காத வாய்.

"அவன் ஏற்கெனவே நனைஞ்சு காஞ்சவன் டல்ஸி. சண்டை, முகாம், கப்பல்னு எல்லாம் பாத்தாச்சு. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியாச்சு. இனிமே அளவு மாறாது."

"அடிப்பாவி! ஆம்பளையச் சொல்றியா, சர்ஜ் துணியச் சொல்றியா?"

மெர்ல் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது டல்ஸிக்கும் தெரியும்.

கல்யாணம், எங்கள் பக்கம் குளிர் உச்சத்தில் இருக்கிற ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது. கம்பளி வேலையை டல்ஸி தன் தலையில் போட்டுக்கொண்டாள். அங்கேதான் சிக்கல். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆலையில் பள்ளிக்கூடச் சீருடைக்கான கருநீலத் துணிதான் ஓடியது. ஒரு தறியில் நெடுக்கே ஓடுகிற வெள்ளைப் பாவு நூல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, ஆனால் குறுக்கே ஓட்ட வேண்டிய ஊடைக்கு எங்கே தேடினாலும் கருநீலம். கல்யாணப் பெண்ணுக்கு யாராவது கருநீலக் கம்பளி கொடுப்பார்களா? இழவு வீட்டு ஜன்னல் திரை மாதிரி இருக்கும்.

அப்போது டல்ஸிக்கு மெர்லின் அலமாரி நினைவுக்கு வந்தது. அதன் அடித்தட்டில் முப்பது உருளை வெள்ளை நூல், பால் மாதிரி, போன வருஷத்திலிருந்து சும்மா கிடந்தது. மெர்ல் பல் டாக்டரிடம் போயிருந்த மத்தியானம், மேஸ்திரியிடமிருந்த மாற்றுச் சாவியை வாங்கி அத்தனையையும் கூடையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அலமாரி நூலிலேயே அவளுக்குக் கம்பளி! டல்ஸிக்குத் தன் மூளையை நினைத்து அவ்வளவு பெருமை.

அது என்ன நூல் என்று டல்ஸி கேட்டிருக்க வேண்டும். யாரைக் கேட்பாள்? கேட்டால் ரகசியம் போய்விடும். அது ஊர் மேட்டில் இருந்த கம்பளி ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் போன வருஷம் அனுப்பின பரீட்சை நூல். ஏதோ மருந்தில் ஊறப்போட்டு எடுத்தது, எத்தனை தடவை துவைத்தாலும் சுருங்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. மெர்ல் அதில் துண்டு நெய்து ஒன்பது தடவை துவைத்துப் பார்த்தாள், ஒரு நூலிழை அளவு நகரவில்லை. மிச்சத்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அவளுக்கு மனசு வரவில்லை. வாழ்க்கையில் சொன்ன சொல் தவறாத ஒரே நூல் அது என்று உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். மேலே ஒட்டுகிற சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும் என்பதால் ஒரு லாட்டுக்கு, அதாவது சேர்ந்து வந்த ஒரு தொகுதி நூலுக்கு, ஒரு சீட்டு எழுதி, ஏதாவது ஓர் உருளையின் அட்டைக் குழாய்க்குள் சுருட்டிச் செருகிவைப்பது அவள் பழக்கம்.

டல்ஸி நெய்து முடித்தாள். இரண்டு முனையிலும் நீலக் கோடு போட்டு, நூற்றுமுப்பது அங்குல நீளம், நூற்றுநாலு அங்குல அகலத்தில் கம்பளி இறங்கியது. திங்கட்கிழமை அதை ஆர்விட்ஸிடம் கொண்டுபோய்ப் போட்டாள்.

"இந்தா ஆர்வி, உன் கம்பளிய நீயே இறுக்கிக்க. வேற எவன் கைக்கும் நான் குடுக்கமாட்டேன்."

ஆர்விட்ஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடவிட்டான். நிறுத்தி அளந்தால் நீளம் ஒழுங்காக உள்ளே வந்திருந்தது, அகலம் அப்படியே இருந்தது. சோப்பைக் கூட்டினான். செவ்வாய்க்கிழமை மறுபடி ஓட்டினான். நீளம் இன்னும் குறைந்தது. அகலத்தில் இரண்டு அங்குலம் வந்ததா என்றால், அதுவும் சந்தேகம். புதன்கிழமை உருளைகளை இறுக்கி, வெந்நீரைக் கூட்டி, சாப்பிடக்கூடப் போகாமல் ஓட்டினான். அகலத்தைப் பிடிக்கப் போய் நீளத்தைக் கோட்டைவிட்டான். கடைசியில் கம்பளி ஐந்தே முக்கால் அடி நீளத்திலும் எட்டரை அடி அகலத்திலும் வந்து நின்றது. ஐந்து பேர் வரிசையாகப் படுக்கலாம், ஆனால் ஐந்து பேருக்கும் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "இறுகமாட்டேங்குதாமே!" என்று சீவும் பகுதியில் ஆரம்பித்தது சாயப்பட்டறை வரைக்கும் போய்விட்டது. கல்யாணமான பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் மெஷின் பக்கம் வந்து, "என்ன ஆர்வி, பொண்ணு வேணாம்கறாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆர்விட்ஸ் குனிந்து மறுபடி அகலத்தை அளந்தான். பத்து வருஷத்தில் அவன் கைக்கு வந்த கம்பளி ஒன்றுகூடச் சொன்ன அளவுக்கு வராமல் போனதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், ஓரம் தைக்க டல்ஸி மிச்சம் வைத்திருந்த ஓர் உருளை நூலை எடுத்து இழையைப் பார்க்கலாம் என்று உருட்டினான். குழாய்க்குள்ளிருந்து சீட்டு விழுந்தது. "லாட் பதினாலு. சுருங்காது. மில்லிங்கில் போடாதே. எம்.எச்." அந்தக் கையெழுத்தை ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறவன் அவன்.

ஈரக் கையோடு சோதனை அறைக்குப் போனான். நாங்கள் நாலைந்து பேர் பின்னாலேயே போய் வாசலில் நின்றோம். போயிருக்கக் கூடாது.

"மிஸ் ஹாஸ்கிங்."

மெர்ல் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. இது எங்க கிடைச்சுது உனக்கு?"

"என் கல்யாணக் கம்பளியில." அவன் குரல் உயரவே இல்லை. "ஆறு வருஷமா என்னைச் சோதிச்சீங்க. சரி, அவங்க தொழில் அது, பழக்கம் விடாதுன்னு பேசாம இருந்தேன். மூணு நாளா நான் மெஷின்கிட்ட நிக்கறேன். ஆலையே சிரிக்குது. சுருங்காத நூலைக் குடுத்துட்டு, இவன் எவ்வளவு நேரம் தாங்கறான்னு பாத்தீங்களா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். உங்க பாஷை எனக்கு நல்லாவே புரியும்."

சீட்டை மேசையில் வைத்தான். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, சங்கு ஊத இரண்டு மணி நேரம் இருக்கும்போதே ஆலையை விட்டு வெளியே போனான். அவன் அப்படிப் போய் நாங்கள் பார்த்ததே இல்லை.

டல்ஸி ஓவென்று அழ ஆரம்பித்தாள். "நான்தான்டி எடுத்தேன்! நல்லது பண்றேன்னு நெனச்சு உன் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டேனே! நான் இப்பவே ஓடிப்போய் அவன்கிட்ட சொல்றேன்."

"நீ போகாதே," என்றாள் மெர்ல்.

அவள் தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டாள். டல்ஸி செய்த காரியம் என்று சொன்னால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும், அது அவளுக்கும் தெரியும். குத்தியது வேறு. இவ்வளவு காலம் பழகினவன், ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்ததும், எங்கேயோ தப்பு நடந்திருக்கும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. மெர்ல் செய்திருப்பாள் என்று உடனே நம்பிவிட்டான். அப்படி நம்பும்படி யார் அவனைப் பழக்கியது? யோசிக்க யோசிக்க அவளுக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கு அவள் எந்தத் துணியையும் அளக்கவில்லை.

சங்கு ஊதினதும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பாலத்தைத் தாண்டி நடந்தாள். ஒரு வீட்டின் பின்கட்டில் ஆர்விட்ஸ் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையின் கதவு திறந்திருந்தது. அவன் மேசையில் முட்டைக்கோஸை வைத்து மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தான். புளிக்கவைத்துத் தின்பது அவர்கள் ஊர் வழக்கம். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

"டல்ஸி எடுத்துட்டா. என்ன நூல்னு தெரியாம எடுத்துட்டா. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்," என்றாள் மெர்ல்.

"சரி."

கத்தி நிற்கவில்லை.

"அதைச் சொல்ல மட்டும் வரல. இதை நான் பண்ணல. மத்ததெல்லாம் நான்தான் பண்ணினேன்."

கத்தி நின்றது.

"டான்ஸ் ஆறு மணிக்குன்னு சொன்னேனே, அது ஏழு மணிக்கு. மழையில நின்னா உனக்குக் கோவம் வருதான்னு எதிர்க் கடைக்குள்ளேர்ந்து பாத்தேன்."

"தெரியும். கடைக் கண்ணாடியில உன் தொப்பி தெரிஞ்சுது."

"பக்கத்து ஊர் லாரா வரைக்கும் உன்னைச் சைக்கிள்ள அனுப்பி ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கிட்டு வரச் சொன்னேன். வீட்டுல ஏற்கெனவே இருந்துச்சு."

"அதுவும் தெரியும். ஷெட்டுல கொண்டுபோய் இறக்கச் சொன்னியே, அங்கதானே இன்னொரு மூட்டை உக்காந்திருந்துச்சு. எனக்கென்ன கண்ணு இல்லையா?"

வேறு நேரமாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். மெர்ல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இதயத்துல கோளாறுன்னு டல்ஸிய விட்டு உன்கிட்டச் சொல்லச் சொன்னேன். சீக்காளின்னு தெரிஞ்சா விலகிப் போறியான்னு பாக்கறதுக்கு."

ஆர்விட்ஸ் கத்தியைக் கீழே வைத்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"அது எனக்குத் தெரியாது," என்றான். "அந்த மாசம் நான் தூங்கவே இல்ல மெர்ல். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சர்ச்சுல போய் உக்காந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கைகூடக் கிடையாது."

இந்தப் பேச்சு வெளியே தெரிந்ததே மெர்ல் பின்னாளில் டல்ஸியிடம் சொன்னதால்தான்.  துவைத்துப் பார்த்த துணியை வீசி எறிந்துவிடலாம், துவைத்துப் பார்த்த மனிதனை என்ன செய்வது என்று அன்றைக்கு மெர்லுக்குத் தெரியவில்லை. வெட்கம் கொன்றது. ஆனாலும் இன்னொன்று பாக்கி இருந்தது. அதைப் பதினைந்து வருஷமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"க்ளைவ் என்னை விட்டுட்டுப் போனதா எல்லாரும் சொல்றாங்க. அது பொய். அவன் ரயில்லேர்ந்து இறங்கினப்ப நான் அவனை மேலேர்ந்து கீழ ஒரு பார்வை பாத்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கல. நின்னு பாத்தேன். நான் அளக்கறதை அவன் பாத்துட்டான். அதுக்கப்புறம் அவன் எப்படி இருப்பான்? நல்லவன், குத்தத்தைத் தன் மேல போட்டுக்கிட்டுப் போயிட்டான்."

வெளியே யாரோ வீட்டுக்காரரின் கோழிகளைக் கூண்டில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்விட்ஸ் நறுக்கினதையெல்லாம் அள்ளி ஒரு சட்டியில் போட்டான். அப்புறம் கேட்டான், "நான் சுருங்கியிருந்தா?"

"என்ன?"

"ஆறு வருஷத்துல எங்கேயாவது ஒரு இடத்துல நான் சுருங்கியிருந்தா? மழையில கோவப்பட்டிருந்தா? சீக்காளி வேணாம்னு பயந்திருந்தா? வெட்டித் தூக்கிப் போட்டிருப்ப, இல்ல?"

 இல்லை என்று சொல்வது சுலபம், ஆனால் பழைய மெர்லுக்கு அது பொய். "போட்டிருப்பேன்," என்றாள். "நேத்து வரைக்கும் போட்டிருப்பேன். இன்னைக்குக் கேட்டா, மாட்டேன். நீ எப்படி ஆனாலும் நான் நிப்பேன். இதை அளந்து பாத்துச் சொல்லல ஆர்விட்ஸ். சும்மா சொல்றேன்."

சும்மா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை. முட்டைக்கோஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அந்த உப்பு ஜாடிய எடு," என்றான். "நீ தூவத் தூவ நான் அமுக்கறேன்."

அவள் உப்பைத் தூவினாள். எவ்வளவு போடுவது என்று கேட்டாள், கண்ணால் பார்த்துப் போடு என்றான். அன்றைக்குப் போட்ட அந்த முட்டைக்கோஸ் உப்புக் கரித்ததாகவும், முழுவதையும் இரண்டு பேரும் தின்று தீர்த்ததாகவும் டல்ஸி சொல்வாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கம்பளியை விரிப்பதா வேண்டாமா என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது மெர்லே வந்து விரிக்கச் சொன்னாள். விரித்தோம்.  மெர்ல் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "முட்டாள்களா, திருப்பிப் போடுங்கடி," என்றாள். குறுக்கை நெடுக்காக்கித் திருப்பிப் போட்டோம். எட்டரை அடி நீளம், ஐந்தே முக்கால் அடி அகலம். இரண்டு பேர் படுக்கிற கட்டிலுக்குக் கொஞ்சம் ஒடுக்கம், அவ்வளவுதான். முனையில் இருக்க வேண்டிய நீலக் கோடுகள் பக்கவாட்டில் தலையிலிருந்து கால்வரை ஓடின. மெர்ல் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள், ஆர்விட்ஸ் வாசலில் நின்று அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் சர்ச் வாசலில் நின்று அரிசி போட்டோம். ஆற்றுப்பக்கம் ஒரு பலகை வீட்டில் பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். சண்டை போடாமல் இல்லை. கம்பளி ஒடுக்கம் என்பதால் குளிர்காலத்தில் யார் பக்கம் அதிகம் இழுபட்டது என்று தினம் ஒரு பஞ்சாயத்து. சோதனை அறையில் மெர்லின் கண்டிப்பு ஒரு துளி குறையவில்லை, மானேஜர்கள் மாறி மாறி வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வீட்டில் மட்டும் அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்டுச் சரிபார்ப்பதில்லை. அவன் ஆறு மணிக்கு வருவேன் என்றால் ஆறரைக்கு வந்தாலும், வந்தியா, உட்கார் என்பாள். அதுதான் அவளுக்குக் கஷ்டமான வேலையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆர்விட்ஸுக்கு வயிற்றில் நோய் வந்தது. கம்பளி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறின ஆள், மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே போனான். மெர்ல் அவனுடைய பேன்ட்டுகளை இடுப்பில் பிடித்துத் தைத்தாள், மறுபடி பிரித்து மறுபடி பிடித்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் டல்ஸி பழம் வாங்கிக்கொண்டு போனபோது, வெள்ளைப் போர்வைக்குள் ஒரு சின்னப் பையன் அளவுக்குத்தான் அவன் தெரிந்தானாம். மெர்ல் உள்ளே வந்ததும் கையைத் தூக்கித் தன் உடம்பைக் காட்டினான்.

"பாத்தியா மெர்ல்? கடைசியில நானும் சுருங்கிட்டேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் மெர்ல். "காலை நகத்து. நானும் உக்காரணும்."

அவன் காலை நகர்த்தினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நர்ஸ் வந்து கட்டிலில் உட்காரக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அவளுக்கும் சேர்த்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.